சுவரில் எழுந்தருளிய சைக்கிள்

மாந்தருள் சைக்கிள் ஓட்டுவோர் என்று ஓர் இனம் உண்டு. சைக்கிள் இருந்தும் ஓட்டாதோர் என்று மற்றோர் இனம் உண்டு. இவ்விரண்டினும் மேம்பட்டதாய், எண்ணிக்கையில் சிறிதாய், குரலில் மட்டும் மிகப் பெரிதாய், சைக்கிளை அறிந்தோர் என்று மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. நாம் இன்று காணப்புகுவது அந்த மூன்றாம் இனத்தின் பழுதற்ற மாதிரி ஒன்றை.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தெருவோரம் குந்தியமர்ந்து, கையெல்லாம் கரியாக, கழன்ற சங்கிலியை நீங்கள் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டதல்லவா? அது இவர்தான். உதவ வந்தவர் அல்லர்; வருந்த வந்தவர். உங்கள் இருக்கையின் உயரம் அவருக்குத் துயரம். உங்கள் டயரின் காற்று அவருக்குக் கவலை. "இதையா வாங்குனீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, சங்கிலியைத் தொடாமலே போய்விடுவார்.

நம்மவர் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். இயந்திரத்திலிருந்து வெளிவரும் பெட்டியைக் கையிலெடுப்பார். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துவார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பிறகு, பெரும்பாலும், "கழி" என்பார். அந்த ஒற்றைச் சொல்லில் அடிபட்ட பெட்டிகளெல்லாம் வாசற்கதவை அடுத்து, சாலை வாசலுக்கு இறங்கும் சரிவின் அடியில், லாரி வந்து அள்ளிப்போகும் நாளை எதிர்நோக்கி மலைபோல் குவிந்து கிடக்கும். தொழிற்சாலையில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எவருக்கும் நினைவில்லை. கியர் அண்ணன் என்றால்தான் தெரியும்.

அவரிடம் சைக்கிள் உண்டா? என்ன கேள்வி இது! அவர் வீட்டுக் கூடத்தின் சுவரில், இரண்டு கொக்கிகளின் மேல் ஒரு மலை சைக்கிள் எழுந்தருளியிருக்கிறது. அடிமுதல் முடிவரை அதன் அழகை அவர் சொல்லக் கேட்கவேண்டும்: கல்லைக் கவ்வும் முள்ளுடைய டயர்கள், கண்ணாடிபோல் துலங்கும் தட்டு பிரேக்குகள், அழுத்தினால் பணிந்து, விட்டால் நிமிரும், முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, இறகெனத் தூக்கலாகும் மேனி. வாரந்தோறும் அதற்கு எண்ணெய்க் காப்பு. உலராத துணி அதன்மேல் படலாகாது. ஒருமுறை அவர் மனைவி அதன் பின்கியரில் பிள்ளையின் காலுறையைக் காயப்போட்டுவிட்டு, அன்று முழுவதும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

"சுவத்துல மாட்டி, துடைச்சு, தள்ளி நின்னு பாக்குறீங்க. மாலை ஒண்ணுதான் பாக்கி" என்றார் அந்த அம்மையார்.

அந்தச் சைக்கிளில்தான் வேலைக்கு வருவாரா? வரமாட்டார். தொழிற்சாலைக்குப் போகும் வழியின் கடைசிப் பகுதி வெறும் சரளை, குண்டும் குழியும். "அந்த ரோட்டுல அதை இறக்குனா பேரிங் என்னத்துக்கு ஆகும்?" என்பது அவர் வாதம். மலைமேல் ஏறுவதற்கென்றே செய்த வண்டி சரளைக்கு அஞ்சிச் சுவரேறியது. அதன் உடைமையாளர் கம்பெனி வேனில் வந்தார். வேனென்றால் சும்மா அன்று. சன்னலோரம் அமர்ந்து, வழியில் செல்லும் சைக்கிள்காரர் ஒவ்வொருவருக்கும் ஒழுக்கம் கற்பித்துக்கொண்டு வந்தார். "தம்பி, முந்துறதுக்கு முன்னாடி குரல் குடுக்கணும்!" "அம்மா, மணிய ஒரு தடவை அடிச்சா மரியாதை, ரெண்டு தடவை அடிச்சா அதட்டல்!" அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் வேன் போய்விடும். வேனும் குரல் கொடுக்காமலேதான் முந்தும்.

இப்படி எல்லாம் இனிதே நடந்துவருகையில், அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து வேன் ஓடாது என்று நிர்வாகம் அறிவித்தது. அறிவிப்பு வந்த அன்றே, பசை இயந்திரம் ஓட்டும் பெண் சாப்பாட்டு அறையில் அவர் எதிரில் வந்து அமர்ந்தாள். தன் வாழ்வின் பெரும்பிழையைச் செய்தாள். அதாவது, கேட்டாள்.

"அண்ணே, எனக்குக் கட்டுபடியாகுற மாதிரி ஒரு மலை சைக்கிள் சொல்லுங்களேன். சரளையில ஓட்டணும், அவ்வளவுதான்."

அவளுக்கு இது விளையாட்டன்று. காலை ஆறு மணி ஷிப்டில் அவள் நின்றாக வேண்டும். அவள் கணவன் உணவு விடுதியொன்றில் மாலைச் சமையல். மூன்று மணிக்கு அவன் செருப்பை மாட்டும்போது இவள் செருப்பைக் கழற்றவேண்டும். வாசற்படியில் குழந்தை கைமாறும். ஒரு நாள் ஆறுமணி தவறினாலும் மேற்பார்வையாளர் அவளை மத்தியான ஷிப்டுக்கு மாற்றிவிடுவார். மாற்றினால் குழந்தையை ஏந்த அந்த வாசற்படியில் ஆளில்லை.

இத்தனையும் அவள் சொன்னாள். நம்மவர் காதில் விழுந்தது "சைக்கிள்" என்ற ஒரு சொல்தான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! கையிலிருந்த சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"முதல்ல வண்டி இல்ல தங்கச்சி, முதல்ல ஒழுக்கம்" என்று தொடங்கினார். "நிக்கப் போறோம்னா வலது கைய உயர்த்தணும். வண்டி முழுசா நிக்கிற வரைக்கும் இறக்கக் கூடாது. பாதியில இறக்குனா பின்னால வர்றவனுக்கு நாம குடுத்த வாக்கு என்னாகுறது? அப்புறம் பிரேக். சரளைச் சரிவுல ஒத்தை பிரேக்கப் பிடிக்கவே கூடாது. சறுக்கிடும். எப்பவும் ரெண்டு கையாலயும் ரெண்டையும் சேர்த்துத்தான் பிடிக்கணும்."

அவள் சற்றே யோசித்தாள். "அப்போ சரளைச் சரிவுல நிக்கணும்னா கைய எப்படிண்ணே தூக்குறது?"

"அதெல்லாம் ஓட்ட ஓட்ட வரும்" என்றார், ஓட்டாதவர்.

அந்த வாரமே இருவரும் கடைக்குப் போனார்கள். முதற்கடையிலேயே ஒரு பச்சை சைக்கிள் நின்றது. சென்ற ஆண்டின் வரவு; ஆகையால் விலை இறங்கியிருந்தது. தடித்த டயர், முன்புறம் மட்டும் ஸ்பிரிங், எளிய பிரேக், அளவான கியர். அவள் ஏறி அமர்ந்தாள். முன்பாதம் தரையில் பதிந்தது. பிரேக் பிடி அவள் குட்டை விரல்களுக்குள் வந்து அடங்கியது. கடைக்குள்ளேயே ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்து, சிரித்தாள்.

நம்மவர் சிரிக்கவில்லை. பெட்டியை அழுத்தும் அதே கட்டைவிரலால் சட்டத்தின் பொருத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். குனிந்தார். நிமிர்ந்தார். வெளிச்சத்துக்கு நேரே முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"கேபிள் வெளியில ஓடுது. பெடல் பிளாஸ்டிக். கழி."

"எனக்குப் பொருந்துதே அண்ணே."

"பொருந்துறது வேற, தகுதி வேற."

இரண்டாம் கடையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ஒன்று இதைவிட மலிவாய்க் கிடைத்தது. "இந்த விலைக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்குன்னா அது ஸ்பிரிங் இல்ல, சுமை. கழி" என்றார். மூன்றாம் கடையில் தட்டு பிரேக் வைத்தது ஒன்று. ஆனால் சட்டம் அவளுக்கு ஓரடி கூடுதல் உயரம். "வண்டிக்கு ஆள் வளர முடியாது. கழி." இவற்றில் அவர் சொன்னது முற்றிலும் சரி. துயரமே அதுதான், வாசகரே. இவ்வினத்தார் எதைப் பற்றியும் தவறாகச் சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொல்வதில்லை.

நான்காம் கடை, ஐந்தாம் கடை என்று நாள்கள் உருண்டன. சோறு ஆறும் வேளையில் அவள் கைப்பேசிக்குப் பின்கியர்ப் படங்கள் வந்து விழுந்தன. அலுமினியம் உயர்ந்ததா எஃகு உயர்ந்ததா என்பதில் ஒரு வாரம் போயிற்று. அவர் எஃகில் தொடங்கி அலுமினியத்துக்கு வந்து, மறுபடி எஃகுக்கே திரும்பினார். கடைசி வெள்ளிக்கிழமை அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பசை காய்ந்த விரல்களோடு வந்து நின்றாள்.

"அண்ணே, திங்கக்கிழமை வேன் கிடையாது. அந்தப் பச்சையையே வாங்கிக்கட்டுமா? கடையில இன்னும் நிக்குது."

"அவசரப்படாதே. புது மாடல் வரப்போகுது. ரெண்டு வாரத்துல விலை இறங்கும்."

"ரெண்டு வாரம் குழந்தைய யாருண்ணே பாக்குறது?"

"அதுக்காகத் தப்பான பெடலோட வாழ முடியுமா?"

அவள் திரும்பிப் போய் இயந்திரத்தைப் போட்டாள். குழந்தையைப் பற்றிய அவள் கேள்வி நம்மவர் நெஞ்சில் முள்ளாய்த் தைக்கவே செய்தது. வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு இதைக் குடுக்கலாமே" என்று மனைவி சுவரைக் காட்டினார். "சும்மாதானே தொங்குது."

நம்மவருக்குப் புரையேறிற்று. "அது எப்படி? அவ உயரத்துக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பெரிசு!"

"உங்க உயரத்துக்குச் சரியா இருக்குமா?"

சைக்கிள் உலகில் விடையறியாத வினா ஒன்றை அன்றுதான் அவர் எதிர்கொண்டார். அளந்து பார்த்ததில்லை. மேலும், திங்கட்கிழமை அவருக்கும் வேன் கிடையாது என்பது அந்தக் கணத்தில்தான், குழம்பும் கையுமாக, அவருக்கு உறைத்தது.

திங்கட்கிழமை விடிந்தது. சைக்கிள் இறங்கிற்று. சுவரில் அதன் வடிவம் மட்டும் வெளிறி நின்றது. தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு, முன்விளக்கு, பின்விளக்கு, நெஞ்சில் ஒளிரும் பட்டை என்று அவர் புறப்பட்ட கோலம் கண்டு, போருக்குப் போகிறவரை வழியனுப்புவதுபோல் மனைவி வாசல்வரை வந்தார். "பாத்துப் போங்க" என்றார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

சட்டம் பெரிது. நுனிவிரல்தான் நிலத்தைத் தொட்டது. ஆயினும் ஒழுக்கத்தில் ஒரு குறையுமில்லை. ஆளரவமற்ற தெருவிலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கை நீட்டினார். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவரின் காதருகே "வலப்பக்கம் வர்றேன்!" என்று மரியாதையாய் முழங்கினார், பெரியவர் சாக்கடையைத் தாண்டிக் குதித்தார். சரளையும் வந்தது. பேரிங் ஒன்றும் ஆகவில்லை. நம்மவர் நெஞ்சு நிமிர்ந்தது. தொழிற்சாலைச் சரிவின் உச்சியில் ஏறியபோது கீழே கதவருகே கூட்டம் தெரிந்தது. அத்தனை கண்களும் தம்மேல்.

இனிமேல் நடந்ததை நிதானமாய்க் கேளுங்கள். நிற்கவேண்டும், ஆகவே வலக்கையை உயர்த்தினார். முழுதும் நிற்கும்வரை இறக்கலாகாது, ஆகவே இறக்கவில்லை. சரளைச் சரிவில் ஒற்றை பிரேக் பிடிக்கலாகாது. ஆகவே இடக்கையாலும் பிடிக்கவில்லை. விதி இரண்டு, இரண்டையும் ஒருசேரக் காத்தார். நிற்கப்போவதாக உலகுக்கெல்லாம் அறிவித்தபடியே, உயர்த்திய கை சற்றும் தாழாமல், வரவர விரைந்து வந்தார். "கைய இறக்குங்கண்ணே! பிரேக்கப் பிடிங்க!" என்று கூட்டம் கூவிற்று. அது ஆரவாரம் என்று அவர் எண்ணினார்.

பெட்டிக் குவியல் பிளந்தது. அவர் உள்ளே போனார். மூடிக்கொண்டது.

பிறகு அட்டைகளை விலக்கிக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் பசை இயந்திரப் பெண். "அடி பட்டுச்சாண்ணே?"

அடி இல்லை. தாங்கும் வலிமை போதாது என்று சனிக்கிழமைதான் அவர் கழித்த பெட்டிகள். அவரையும் சைக்கிளையும் சேர்த்துத் தாங்கியிருந்தன. நம்மவர் கண்கள் அவள் தோளுக்கு அப்பால் போயின. நிறுத்துமிடத்தில், ஒரு தூணில் சாய்ந்து, டயரில் சரளைத் தூசியோடு ஒரு பச்சை சைக்கிள் நின்றது.

"வாங்கிட்டியா?"

"நேத்து எங்க வீட்டுக்காரரு கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தாரு. உங்ககிட்ட சொன்னா கழிச்சிடுவீங்கன்னு சொல்லலண்ணே."

ஆறுமணிச் சங்கு ஊதிற்று. அவள் அவர் தலையில் ஒட்டியிருந்த ஓர் அட்டைத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு இயந்திரத்துக்கு ஓடினாள். அன்று மாலை மூன்று மணிக்கு வாசற்படியில் குழந்தை கைமாறியது, இன்றும் மாறிக்கொண்டிருக்கிறது.

நம்மவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். குவியலிலிருந்து அவரைத் தூக்கிவிட்ட வாயிற்காவலரிடம் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "அந்தப் பச்சை வண்டி இருக்கு பாருங்க, அதை முதல்ல பாத்துக் குடுத்ததே நான்தான்."

மலை சைக்கிள் மறுபடியும் சுவரேறிவிட்டது. இப்போது அவர் கிடங்குக்காரரின் ஸ்கூட்டரில், பின்னிருக்கையில் வருகிறார். திரும்புவதற்கும் நிற்பதற்கும் உரிய சைகைகளையெல்லாம் பின்னிருந்தபடியே அவர் காட்டிவிடுகிறார். எங்கே திரும்பப்போகிறோம் என்பதில் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

நகைத்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் ஒன்று. அவர் சரிவில் கையுயர்த்தி வந்த இடத்தைப் படித்தபோது, "சைகையைச் சரிவுக்கு முன்பே காட்டி முடித்திருக்கவேண்டாமா?" என்று உங்களுக்குள் ஒரு குரல் எழுந்ததா? எழுந்திருந்தால், சரிதான், நீங்கள் சொல்வதில் பிழையே இல்லை. வீட்டுச் சுவரில் இரண்டு கொக்கி அடிக்க இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.