மாடிக்காரர் எடுத்துவிட்ட வார்த்தைகள்

ஐயா சாக்ஸபோன்காரரே, என் குடும்பத்தைக் கெடுத்தது நீர்தான். மழுப்ப வேண்டாம். என் கடைக்கு மேல்மாடியில் நீர் குடிவந்த நாளோடு என் நிம்மதி போச்சு.

நான் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் பாதியில் துரத்தியது. மிச்சத்தைத் தெரு உதைத்துச் சொல்லிக்கொடுத்தது. நாற்காலியின் காலைத் தட்டிப் பார்த்தே, விற்க வந்தவனுக்கு என்ன அவசரம் என்று சொல்லிவிடுவேன். என்ன வாசிக்கிறீர் என்று உம்மைக் கேட்டேன். 'சோல்' என்கிற பழைய இங்கிலீஷ் பாட்டுகளை, வார்த்தையை எடுத்துவிட்டு, வழவழப்பான ஜாஸாக மாற்றி வாசிக்கிறேன் என்றீர். என் தொழிலில் வழவழப்புக்கு ஒரே அர்த்தம்தான். உள்ளே பூச்சி அரித்திருக்கிறது, மேலே பாலீஷ் போட்டிருக்கிறான்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிப்பீர். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அங்கே என் மனைவி தையல் வேலை செய்கிறவள். உம் வாத்தியம் முனகியதும் மெஷின் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பாள். என் டீ ஆறிப்போகும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த தையற்கடையில் நாள் முழுக்க ரேடியோ ஓடுமாம். இந்தப் பாட்டெல்லாம் வரி வரியாகத் தெரியுமாம். பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கு இது இப்போதுதான் தெரியவருகிறது.

எனக்குப் பொறி தட்டியது. பாட்டு இருக்கிறது, வார்த்தை இல்லை. எங்கே போச்சு? உமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். நடுவில் நான் ஒருவன் மரக்கட்டை. தூது விட இதைவிட வசதி உண்டா? நாலு மாதம் இப்படியே போனால் என் மனைவி எனக்கு மிஞ்சுவாளா?

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது 'லாஸ்ட் பிரைஸ்' ஒன்றுதான். அதனால் அவளிடமே அர்த்தத்தைக் கறப்பது என்று முடிவுகட்டினேன்.

"இப்ப ஊதுறானே, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட கெஞ்சுறான்" என்றாள்.

"என்னன்னு?"

"திரும்பி வந்துடு, சமையலறைக் குழாய் ஒழுகுறதை நானே சரிபண்ணித் தர்றேன்னு."

"அடுத்த வரி?"

"ஆறு மாசமா ஒழுகுதே, எனக்குப் புத்தி வரலியேன்னு அழுறான்."

எங்கள் குழாயும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பாட்டில் வருகிற எவனோ எனக்குப் போட்டியா? அன்றே ஸ்பானரை எடுத்தேன். தோள் வரை நனைந்தேன். குழாய் அடங்கியது. மறுநாள் வேறு பாட்டு. அதில் ஒருவன், இனி வாடிக்கைக்காரர் முன்னால் உன்மேல் எரிந்து விழமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறானாம். நானும் பண்ணினேன். கோபம் வந்தால் விற்காத அலமாரிக்குள் தலையை விட்டுக் கத்திக்கொண்டேன். மூன்றாவது பாட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு மனைவியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறான். போனோம். அவள் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தாள். உம்மைக் கவிழ்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. எந்தக் காலத்திலோ பாட்டுக் கட்டினவனுக்கு என் வீட்டுக் குழாய் எப்படித் தெரியும்? நீர்தான் எட்டிப் பார்த்துப் பாட்டைத் திருத்துகிறீர். நேராக மாடியேறி உம் கதவைத் தட்டினேன். வாத்தியத்தின் வாயில் செருகுகிற பிரம்புச் சீவலை நாக்கில் நனைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டீர்.

"அண்ணே, முதல் பாட்டு ரயிலைத் தவறவிட்டவன் பாடுறது. ரெண்டாவது, ஒரு அம்மா மகனுக்குப் பாடுறது. எதுலயும் குழாய் இல்லண்ணே."

"அப்ப கடற்கரை?"

"அதுவும் இல்லண்ணே" என்றீர்.

இறங்கி அவளிடம் வந்தேன். கத்தவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"பாட்டுல குழாயே இல்லையாமே?"

"இல்லதான்."

"பின்னே ஏன் சொன்னே?"

"அவர் வார்த்தையை எடுத்துட்டாருங்க. இடம் காலியா இருந்துச்சு. அளவு பார்த்து நான் வெட்டித் தெச்சேன்." மெஷினில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பதினெட்டு வருஷமா வெறும் வார்த்தையாச் சொன்னேன். உங்க காதுல ஏறலையே."

எத்தனையோ பேரத்தில் எதிராளியை வாயடைக்க வைத்தவன் நான். அன்று அவள் சொன்ன விலைக்கே படிந்தேன். நல்லவேளை, உட்காரச் சொன்னாள்.

இன்று நீர் புதுப் பாட்டு ஒன்று வாசித்தீர். பதினோரு நிமிஷம். அவளே உம்மிடம் கேட்டு வாசிக்க வைத்தாளாம். வீடு முழுக்க வெள்ளையடிக்கிற ஒரு கணவனைப் பற்றியதாம். இந்தத் தடவை நிஜமான அர்த்தம் என்கிறாள். பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏணிமேல் நிற்கிறேன்.

ஐயா, கெடுத்தவர் நீர். நீரே சரிசெய்யும். நாளைக்காவது சின்னப் பாட்டாகப் பார்த்து வாசியும்.