ஆல்பத்தில் ஒரு தும்மல்

"நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்வதற்காகவே பிறந்த ஓர் இனம் உண்டு. வெள்ளம் வந்தாலும் சரி, அமைச்சர் வந்தாலும் சரி, இவர்கள் அங்கே இருந்திருப்பார்கள். நீங்கள் இல்லாமல் போனது உங்கள் குற்றம். இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஒருவரைப் பார்க்க வேண்டுமா? மாரண்டஹள்ளிக்கு வாருங்கள், தக்காளி மண்டி மாரப்பனைக் காட்டுகிறேன்.

பெங்களூரில் இவரிடம் தக்காளி வாங்கும் நைட் கிளப் முதலாளி ஒருநாள், "சாப்பிட்டுப் போலாம், உக்காருங்க" என்று இவரை உள்ளே உட்கார வைத்துவிட்டார். மேடையில் டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதை அங்கேயே பதிவு செய்து ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். ஏ.சி. குளிர் தாங்காமல் மாரப்பன் போட்ட தும்மலும் அதில் பதிவாகிவிட்டது. போதாதா? அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போன யாரும் அதைக் கேட்காமல் திரும்பியதில்லை. காபி ஆறினாலும், பாலக்கோடு பஸ் போய்விட்டாலும், கைக்குழந்தை வீறிட்டாலும் விடமாட்டார்.

"இருங்க, இப்ப வருது... இப்ப... கேட்டீங்களா? அது நான்தானுங்க!"

சாக்ஸபோன்காரர் உயிரைக் கொடுத்து ஊதியது? அது தும்மலுக்கு முன்னால் வரும் ஏதோ சத்தம்.

போன வாரம் இவர் மகள் எழிலரசியைத் தன் மகனுக்குப் பேசி முடிக்க மொரப்பூரிலிருந்து பச்சியப்பன் வந்திருந்தார்; நானும் கூட இருந்தேன். தரகர் தும்மலைப் பற்றி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால், பச்சியப்பனே அதைப் போடச் சொல்லி ஆசையாகக் கேட்டார். எழிலரசி போனில் பாட்டைப் போட்டாள். மாரப்பன் விரலைத் தூக்கினார்.

"இப்ப... இப்ப..."

ஒன்றும் வரவில்லை. சத்தத்தைக் கூட்டி, மறுபடி போட்டார்கள். அப்போதும் இல்லை.

"அப்பா, கூட்டத்தோட சத்தத்தையெல்லாம் எடுத்துட்டு, சுத்தம் பண்ணிப் புதுசா விட்டிருக்காங்க" என்றாள் மகள்.

"பழசைப் போடு சாமி!"

"பழசு இப்ப இல்லப்பா."

பச்சியப்பனோ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். "என்னமா ஊதறான் பாருங்க!"

"என்னத்தங்க ஊதறான்? அங்க ஒரு ஆளே இல்லாத மாதிரி இருக்குது!" மாரப்பனின் முகம் சுண்டிவிட்டது. "சத்தியமா நான் தும்முனனுங்க."

பச்சியப்பன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தும்மலு கெடக்குது, வுடுங்க. இதுக்காவ நாங்க பொண்ணு வேண்டாம்னா சொல்லிருவோம்?"

சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஆனால் சம்பந்தி நம்பவில்லை. கையில் பிடித்த தாம்பூலத்தோடு மாரப்பன் நின்ற நிலையைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் ஒரு கல்யாண ஆல்பத்தை உங்கள் மடியில் வைத்தார்களே, அதில் மணப்பெண் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள்? தெரியாது. வாயில் பாயசத்தோடு பந்தியில் பேந்தப் பேந்த விழிக்கும் அந்த ஆள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும்.