காருக்குப் புற்றுமண் கொடுத்த வகையில்

சங்கரன்கோவில்,
12.11.1979

மரியாதைக்குரிய அத்தான் சண்முகையா அவர்களுக்கு, மைத்துனன் பெருமாள்சாமி பணிந்து எழுதுவது. இங்கு நானும் சுந்தரம்மாளும் மகள் மாரித்தாயும் நல்ல சுகம். பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காளும் சுகமாக இருக்கக் கோமதியம்மனை வேண்டிக்கொள்கிறேன். சுகமில்லாமல் கிடப்பது தங்கள் கார் ஒன்றுதான். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருக்க அதைவிட வெட்கமாக இருக்கிறது.

மாரித்தாயைக் கோமதியம்மன் கோவிலில் வைத்துப் பெண் பார்க்கத் திருவேங்கடத்திலிருந்து வருகிறவர்களை அழைத்துவர என்று தங்களிடம் காரைக் கேட்டேன். அவர்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். மிடுக்குக் காட்ட நினைத்தது நான். சாவியைக் கொடுக்கும்போதே தாங்கள், "செவப்பு வெளக்கு எரிஞ்சா அந்த எடத்துலயே நிப்பாட்டிரும் வே. ஆயில் பிரஷர் இல்லேன்னு அர்த்தம். அதுக்கு மேல ஓட்டப்படாது" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். பனவடலிசத்திரம் தாண்டியதும் விளக்கு எரிந்தது. டிராக்டர் ஓட்டினவனுக்கு ஒரு சின்ன பல்பா பயம் காட்டுவது என்று வீடுவரை ஓட்டிவந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மூக்காண்டி விசைத்தறிகளுக்கு ஃபிட்டர் வேலை பார்க்கிறவன். வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு, "ஆயில் நெறைய இருக்கு அண்ணாச்சி. வெளக்குதான் கோளாறு" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டான். விளக்கு அணைந்தது. தொல்லை விட்டது என்று இரண்டு பேரும் காப்பி குடித்தோம்.

மறுநாள் ஸ்டார்ட் செய்தால் உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்துப் பழகிய புத்தி, ஆயில் தண்ணியாக இருக்கிறது, கெட்டியாக்கினால் சரியாகும் என்று சொல்லியது. வண்டி அச்சுக்கு விடுகிற விளக்கெண்ணெயில் ஒரு பாட்டிலை இன்ஜினுக்குள் ஊற்றினேன். சத்தம் குறைந்ததா இல்லையா? குறைந்தது அத்தான், அதுதான் என் கெட்ட காலம். அதைப் பார்த்த சுந்தரம்மாள் கோவிலுக்குப் போய், நோய் தீரப் பூசுகிற புற்றுமண் பிரசாதம் வாங்கிவந்து பானெட்டில் பூசினாள். அதோடு நின்றிருக்கலாம். "மேல பூசுனா மட்டும் போதுமாங்க? மனுசருக்கு உள்ளுக்கும் கொஞ்சம் குடுக்கோம்லா?" என்றாள். மகள் காரியம், மறுத்தால் ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். இன்ஜின் மூடியைத் திறந்தது நான். விளக்கெண்ணெயில் குழைத்து ஊற்றியதும் நான். அம்பாள் மேல் ஒரு குறையும் இல்லை. அவள் பிரசாதம் இன்ஜினுக்கென்று யாரும் சொல்லவில்லை.

திருவேங்கடம் போய்ச் சேரும்வரை கார் நன்றாகத்தான் ஓடியது. மாப்பிள்ளையின் தகப்பனார் நல்லக்கண்ணு காரைச் சுற்றிவந்து தொட்டுப் பார்த்து, "வண்டி சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, என் நாக்கை அறுக்க வேண்டும். மாப்பிள்ளை பொன்னுச்சாமி கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். முன் சீட்டில் ஆசையாக ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் விளக்கெண்ணெய் காயும் வாடையோடு புகை வந்தது, பெரிய சத்தம் ஒன்று கேட்டது, கார் நின்றுவிட்டது. முந்தின நாள் மழையில் கரிசல் மண் களியாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை ஒரு பக்கம், சலவை வேட்டியோடு சம்பந்தி ஒரு பக்கம், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நடக்க, மாப்பிள்ளையின் தாயார் பழத்தட்டை ஏந்தி முன்னால் போக, அடுத்த ஊர்வரை தள்ளினோம். தாண்டிப்போன டவுன் பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்பை இப்பமே தொடங்கியாச்சா?" என்று கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது.

நாங்கள் பஸ் பிடித்துக் கோவிலுக்கு வந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. காலையிலிருந்து பட்டுப்புடவையோடு காத்திருந்த மாரித்தாயை, சாத்திய கதவுக்கு வெளியே, கரிபடிந்த கைகளோடு நின்று பார்த்தார்கள். "சொல்லி அனுப்புதோம்" என்று நல்லக்கண்ணு கிளம்பினார். அதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மாரித்தாய் பட்டுப்புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஒர்க் ஷாப்பில் மைதீன் பாட்சா இன்ஜினை இறக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள இவ்வளவு மண்ணு எப்படி அண்ணாச்சி வந்துது?" என்றார். ரோடு மோசம் என்றேன். அவர் அந்த மண்ணை விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார். எந்தக் கஷ்டம் வந்தாலும் காரைப் புதிதுபோல் ஆக்கித் தங்கள் வாசலில் நானே கொண்டுவந்து நிறுத்துவேன். இது என் மகள்மேல் ஆணை. சம்பந்தம் போனதில் ஒரே ஆறுதல், கார் என்னுடையது என்று சொன்ன பொய்யும் அதோடு போயிற்று என்பதுதான். அக்காளிடம் இதைப் பக்குவமாகச் சொல்லவும். தங்கள் இருவர் பாதங்களுக்கும் என் வணக்கம். பிள்ளைகளுக்கு இந்த மாமனின் ஆசி, அது பலிக்கும் என்றால்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
பெருமாள்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டுகிற நேரத்தில் நல்லக்கண்ணு வந்து இறங்கினார். சம்பந்தம் சம்மதமாம்! அன்றைக்கு மாரித்தாய் முகம் சுளிக்காமல் எல்லார் கைக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவவைத்ததில் மாப்பிள்ளையின் தாயாருக்கு மனசு நிறைந்துவிட்டதாம். நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம் என்றார். "நாங்களே தள்ளுன வண்டியில்லா, எல்லாருக்கும் அதுமேல ஒரு பிரியம் வந்துட்டு. அதை ரிப்பேர் பாத்துப் பையனுக்குக் குடுத்திருங்க, வேற ஒண்ணும் கேக்கல" என்றார். கதவுக்குப் பின்னால் மாரித்தாய் நின்றுகொண்டிருந்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன் அத்தான். கல்யாணத்துக்கு அக்காளை அழைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள்.