முட்டையிட்டவரின் முகம்

மனிதனுக்கு முகம் இருக்கிறது. அதைக் கைப்பேசிக்குக் காட்டினால் பூட்டுத் திறக்கிறது, பணம் போகிறது, வருகை பதிவாகிறது. கோழிக்கும் முகம் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தால் நாட்டுக்கு இதுவரை ஒரு பயனும் இல்லை. இந்த அவலத்தை நெடுங்காலம் எண்ணி வருந்திய கோழி எண்ணிம அடையாள இயக்ககம், போன பங்குனியில் ஓர் ஆணை பிறப்பித்தது.

முட்டையை உண்பவருக்கு அதை இட்டவரின் முகத்தைக் காணும் உரிமை உண்டு என்பது ஆணையின் சாரம். ஆகவே ஒவ்வொரு முட்டைக்கோழியின் முகமும் 'கோழிமுகம்' என்ற செயலியில் பதிவாக வேண்டும். முட்டையின் மேல் ஒரு க்யூஆர் கோடு ஒட்டப்படும். சேலத்திலோ சென்னையிலோ ஆம்லெட் போடப் போகிறவர் அதை ஸ்கேன் செய்து, இட்டவரின் முகத்தைப் பார்த்து, பிடித்திருந்தால் நட்சத்திரம் போடலாம். முகம் பதியாத முட்டை லாரி ஏறக் கூடாது. ஆணை முழுவதும் கோழியை 'அவர்' என்றே குறிப்பிட்டிருந்தார்கள். பண்ணைக்காரர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் என் அத்தை பூவாத்தாளும் மாமா மருதாசலமும் நாலாயிரம் கோழி வைத்திருக்கிறார்கள். அங்கே முட்டை லாரி ஏறினால்தான் தீவன மூட்டை இறங்கும். சித்திரை வெயிலில் முட்டை ஒரு வாரம் கிடந்தால் அத்தனையும் கூழ்முட்டை. அத்தை போன் போட்டார்.

"அம்முணி, நீதான் யுனிவர்சிட்டியில படிக்கறயே. வந்து இந்தக் கோழியளுக்கு ஒட்டுக்கா செல்பி எடுத்துக் குடுத்துட்டுப் போ சாமி."

போனேன். மாமா ஒரு கோழியைப் பிடித்துக்கொள்ள, நான் கைப்பேசியை நீட்டினேன்.

"கேமராவை நேராகப் பாருங்கள்" என்றது செயலி.

கோழிக்குக் கண் இரண்டு பக்கமும் இருக்கிறது. நேராகக் காட்டினால் அலகு மட்டும்தான் தெரிந்தது. "முகத்தை மறைக்கும் பொருளை அகற்றவும்" என்றது செயலி.

"எதைய அகத்தச் சொல்லுது?" என்றார் மாமா.

"அலகைங்க மாமா."

"குஞ்சுலயே நுனிய வெட்டியாச்சு. இன்னும் வெட்டுனா அது எதுல திங்கும்? கேட்டுச் சொல்லு."

கேட்க வழியில்லை. கோழியை இடப்பக்கம் திருப்பி, வலப்பக்கம் திருப்பி, அது கண் சிமிட்டும்வரை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. பெயர் கேட்டது.

"பொன்னாயின்னு போடு," என்றார் அத்தை. "என்ற ஓரகத்தி பேரு. அவளும் இப்படித்தான், ஆரையும் நேராப் பாக்க மாட்டா."

இரண்டாவது கோழியைக் காட்டினேன். "மீண்டும் வருக, பொன்னாயி. உங்கள் முகம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது" என்றது செயலி. மூன்றாவதும் பொன்னாயி. அந்தக் கொட்டகையில் இருந்ததெல்லாம் பொன்னாயி. ஒரே ஹேச்சரியில் ஒரே நாளில் பொரித்த வெள்ளைக் கோழிகள் வேறு எப்படி இருக்கும்? ஒன்றின் நெற்றியில் மஞ்சள் பூசிக் காட்டினோம். "ஒப்பனையைக் கலைத்துவிட்டு வாருங்கள், பொன்னாயி" என்றது.

நாமக்கல்லில் உள்ள மண்டல அலுவலகத்துக்கு நானும் அத்தையும் போனோம். மண்டல எண்ணிம ஒருங்கிணைப்பாளர் ஆனந்தகுமார் குளிரூட்டிய அறையில் இருந்தார். தங்கமான மனிதர். எங்களுக்கு டீ சொன்னார். எங்கள் குறையைக் கேட்டார். கணினியைப் பார்த்தார்.

"உங்க பண்ணையில ஒரே ஒரு கோழிதாங்க இருக்குது."

"நாலாயிரம் இருக்குதுங்க," என்றேன்.

"அதுக்கு ஆதாரம்?"

"வந்து பாருங்க."

"நான் வந்து பாத்தா அது நேரடிப் பார்வைங்க மேடம். அதைய போன வருசமே ஒழிச்சாச்சு. அதுலதான் ஊழல் நடக்குது."

"கண்ணால பாக்கறதா ஊழல்?"

"கண்ணால பாத்துட்டு எழுதறமுங்களே, அதுல."

வாதத்தில் நான் எளிதில் தோற்பவள் அல்ல. "அப்ப அந்த ஒரு கோழி எத்தனை முட்டை போடலாம்னு உங்க ஆணை சொல்லுது?" என்றேன்.

ஆனந்தகுமார் ஆணையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். உச்சவரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை. ஆணையை எழுதியவர்களுக்குக் கோழி எத்தனை முட்டை போடும் என்பது தெரியாது போலிருக்கிறது.

"அப்ப பிரச்சினையே இல்லீங்களே," என்றார். "பொன்னாயி பேர்ல எத்தனை வேணும்னாலும் ஏத்துங்க."

அன்று மாலையே லாரி ஏறியது. பொன்னாயி நாளொன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு முட்டையிட்டு வந்தார். இயக்ககம் அவருக்கு 'முன்மாதிரிக் கோழி' என்று சான்றிதழ் அனுப்பியது. கூடவே, பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் ஒரு குறிப்பாணை போனது. அரும்பாடுபட்டு வெவ்வேறு முகங்களைப் பதிந்திருந்தவர்களிடம், 'தங்கள் கோழிகள் நாளுக்கு ஒரு முட்டை மட்டுமே இடுவதன் காரணத்தை மூன்று நாட்களுக்குள் விளக்குக' என்று கேட்டிருந்தார்கள்.

சித்திரை பாதியில் செயலிக்குப் புதுப்பிப்பு வந்தது. இறந்த கோழியையும் அன்றைக்கே பதிய வேண்டும், தவறினால் அபராதம். பெரிய கொட்டகையில் வெயில் காலத்தில் ஒன்றிரண்டு சாவது வழக்கம். சட்டத்துக்குப் பயந்தவரான மாமா, யாரிடமும் கேட்காமல், செத்த கோழி ஒன்றைப் படம் எடுத்து ஏற்றிவிட்டார்.

"பொன்னாயி காலமானார். தங்கள் துயரில் இயக்ககம் பங்கு கொள்கிறது" என்று செய்தி வந்தது.

மறுநாள் லாரிக்காரர் முட்டை அட்டையைத் தொடவில்லை. "செத்த கோழி முட்டைய ஏத்துனா என்ற லைசென்ஸ் போயிருமுங்க," என்று காலி லாரியைத் திருப்பினார். கொட்டகையில் நாலாயிரமும் வழக்கம்போல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அட்டைகள் கூரைவரை ஏறின. தீவனம் இன்னும் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது.

"ஊட்டுக்காரரே," என்றார் அத்தை மாமாவிடம், "இந்தப் போனைக் கையில தொடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

இந்த முறை ஒரு கோழியையே கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஆனந்தகுமார் முதலில் எழுந்து நின்று இரங்கல் தெரிவித்தார்.

"மத்ததெல்லாம் உயிரோட இருக்குதுங்க," என்றேன்.

"எந்த மத்ததுங்க? உங்களுக்கு இருந்தது ஒண்ணுதான்."

"அப்ப இது என்னங்க?" என்று கோழியை மேசைமேல் விட்டேன்.

அவர் தம் கைப்பேசியை அதன் முன் நீட்டினார். 'இம்முகத்துக்கு உரியவர் காலமானார்' என்றது.

"பாருங்க. செத்தவிய மொகத்தை வெச்சுக்கிட்டு நடமாடறது ஆள்மாறாட்டம். நியாயமா இந்தக் கோழி மேல நான் நடவடிக்கை எடுக்கோணும். உங்களுக்காக விடறேன்."

அந்நேரம் பார்த்து, கோழி அவருடைய கோப்பின் மேல் உட்கார்ந்து ஒரு முட்டையிட்டது. அறையில் எல்லோரும் பார்த்தோம். அத்தை அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"சூடா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கம்மா."

"செத்த கோழி சூடா முட்டை போடுங்களா?"

ஆனந்தகுமார் உண்மையிலேயே சங்கடப்பட்டார். முட்டையை மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினார். பிறகு குரலைத் தணித்து வழி சொன்னார்.

"முட்டையிடும் உரிமையும் ஒரு சொத்து மாதிரித்தானுங்க. உரியவர் காலமானா வாரிசுக்குப் போகும். பொன்னாயிக்கு வாரிசு இருக்குதுங்களா?"

"கோழிக்கு வாரிசு முட்டைதானுங்க," என்றேன் எரிச்சலோடு.

"அதையெல்லாம் வித்துட்டீங்களே." கொஞ்சம் யோசித்தார். "வாரிசு இல்லாட்டி பாதுகாவலருக்குப் போகும். பாதுகாவலர் ஆரு?"

பாதுகாவலர் வெளியே வேப்பமரத்தடியில் டூவீலரோடு நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டு வந்து உட்கார வைத்தோம். மாமா கேமராவை நேராகப் பார்த்தார். சொன்னவுடன் கண் சிமிட்டினார். அலகு இல்லை. ஒரே முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. 'முட்டையிடுபவர்: மருதாசலம். நல்வாழ்த்துகள்' என்றது.

"ஆம்பளையா பொம்பளையான்னு அது கேக்கலையா?" என்றார் அத்தை.

"கேக்கலைங்கத்தை. ஆம்பளை வருவாருன்னு எதிர்பாக்கலையாட்டக்குது."

"இத்தன வருசத்துல பண்ணையில இவரு ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்ல. இப்பவாவது முட்டை போடறாரே."

அன்றே லாரி வந்தது, தீவனம் இறங்கியது. கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் முட்டையை வாங்கியவர்கள் படித்தவர்கள். ஸ்கேன் செய்தார்கள். பொன்னாயி இருந்தவரை மூன்று நட்சத்திரத்தைத் தாண்டாத எங்கள் முட்டை, மாமா முகம் வந்ததும் நாலரைக்கு ஏறியது. 'உழைத்துக் களைத்த முகம். நம்பி வாங்கலாம்' என்று கோயமுத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார். 'மீசையைப் பார்த்தபின் மஞ்சள் கருவில் பழைய ருசி தெரிகிறது' என்று சென்னையில் ஓர் அம்மாள் எழுதினார். மாமா தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார்.

விஷயம் பரவிற்று. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் கோழிகளைச் செயலியில் காலமாக்கிவிட்டு வரிசையாகப் போய்த் தங்கள் முகத்தைப் பதிந்தார்கள். வைகாசிக்குள் மண்டலப் பதிவேட்டில் ஒரு கோழிகூட இல்லை. முட்டை மட்டும் குறையவில்லை. 'கோழிகளே இல்லாத நிலையில் பறவைக் காய்ச்சல் அபாயம் முற்றிலும் நீங்கியது' என்று இயக்ககம் அறிவித்து ஆனந்தகுமாருக்குப் பதக்கம் கொடுத்தது.

ஆடியில் அத்தை இரண்டாவது கொட்டகை போட்டார். ஒரு முகத்துக்கு ஒரு கொட்டகை என்று இப்போது விதி வந்திருக்கிறது.

"உன்ற மொகம் லச்சணமா இருக்கும் அம்முணி. உக்காரு."

நான் மறுத்தேன். மனித மாண்பு, தனியுரிமை, பெண்களைப் பிள்ளை பெறும் இயந்திரமாகப் பார்த்த சமூகம் இப்போது முட்டையிடவும் சொல்கிறது என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். "சரி, என்ற ஓரகத்தி பொன்னாயி மகளைக் கூப்புட்டுக்கறேன்," என்றார். அந்தப் பெண்ணின் முகவெட்டை நான் அறிவேன். சன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று நாற்காலியை நானே நகர்த்திப் போட்டேன்.

நேற்று ராசிபுரத்திலிருந்து யாரோ எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். 'முட்டை நல்ல முட்டை. முகம்தான் சுமார்' என்று குறிப்பு வேறு. இயக்ககத்துக்கு நான்கு பக்க மேல்முறையீடு அனுப்பியிருக்கிறேன். முட்டை சுமார் என்று எழுதியிருந்தால் விட்டிருப்பேன். அது கோழியைச் சொன்னது.