டாலர் நோட்டை விரித்து மகள் கல்யாணத்தை முடித்தது

பேரன்புள்ள தெரேசா அக்காவுக்கு, ஸ்க்ராண்டனிலிருந்து தம்பி லெனர்ட் அன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

நம் கிளாரிஸின் கல்யாணம் நின்றுபோக இருந்து, என் சாமர்த்தியத்தால் நடக்கப்போகிறது. மாப்பிள்ளை வெஸ்லியின் அம்மா மிஸஸ் ஆல்டன் பள்ளிக்கூடத்தில் லத்தீன் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மகனோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், வந்ததிலிருந்து வாயை இறுக்க மூடிக்கொண்டு, என் வீட்டம்மா ஐரீன் முட்டைக்கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டியிருந்ததை முள்கரண்டியால் உருட்டிக்கொண்டே இருந்தார். கொத்தனார் வீட்டுச் சம்பந்தம் கசக்கிறதாக்கும் என்று ஐரீன் சமையலறையில் கண்ணைக் கசக்குகிறாள், நான் சும்மா இருப்பேனா, எனக்கும் லத்தீன் தெரியும் என்று காட்ட ஒரு டாலர் நோட்டை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

"பாருங்கம்மா, இந்தப் பிரமிடு உச்சி மூடாம நிக்குது. மேல இருக்கிற ஒத்தக் கண்ணு வீட்டுக்காரன் கண்ணு. அதுக்கு மேல எழுதியிருக்கிற 'அன்னுயிட் கோயெப்டிஸ்'னா, 'அட்வான்ஸ் வாங்கிட்டான், வேலைய முடிக்கல'ன்னு அர்த்தம். ஆயுசுபூரா நான் கேக்குற வசவு, எனக்குத் தெரியாதா?"

"அப்ப அந்தக் கழுகு?" என்றார். குரல் நடுங்கியது.

"ஒரு கால்ல ஆலிவ் கிளை, ஒரு கால்ல அம்பு. கூலி குடுத்தா அது, குடுக்கலன்னா இது. வாயில கவ்வியிருக்கே 'ஈ ப்ளூரிபஸ் யூனம்', அதுக்கு 'வேலை செஞ்சது பல பேரு, சம்பளம் ஒருத்தனுக்கு'ன்னு அர்த்தம்."

"அப்பா, போதும்ப்பா!" என்று கிளாரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தம்மாள் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று தட்டில் விழுந்தது.

"மிஸ்டர் ஹூடாக், நாம தொடங்கினத மேல இருக்கிறவர் ஆமோதிச்சிட்டார்னுதான் அந்த 'அன்னுயிட் கோயெப்டிஸ்'க்கு அர்த்தம்" என்றவர், எழுந்துபோய்ப் பிள்ளைகள் இருவர் தலையிலும் கை வைத்து அந்த இரண்டு சொல்லையும் லத்தீனிலேயே சொன்னார். ஐரீன் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க அக்கா, எனக்கு ஒண்ணுகூட மிச்சம் இல்லை!

ஜூன் கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். நீயும் அத்தானும் முன்னதாகவே வந்து நின்று நடத்தித் தர வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

உன் ஆசியை எதிர்பார்க்கும் தம்பி,
லெனர்ட் ஹூடாக்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கிளாரிஸ் வந்து சொல்கிறாள், ஏப்ரலிலேயே கோர்ட்டில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்களாம். சாட்சிக் கையெழுத்துப் போட்டதே மிஸஸ் ஆல்டன்தானாம். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தது நம்மைப் பிடிக்காமல் இல்லையாம், திறந்தால் உளறிவிடுவோமோ என்ற பயமாம். நீங்கள் எப்படியும் வந்துவிடுங்கள். கேக்குக்குச் சொல்லியாயிற்று.