வானிலைக்காரர் செய்த கேக்

ஓவனின் கண்ணாடிக்குப் பின்னால் கேக் எழுந்துகொண்டிருந்தது. டின்னின் விளிம்பைத் தாண்டி, மேல் கம்பியைத் தொட்டு, அங்கேயும் நிற்காமல் பக்கவாட்டில் விரிந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் பதறிப்போய் சுவிட்சை அணைத்திருப்பார்கள். வானிலைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய உத்தியோகம் அப்படி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அலுவலக மொட்டை மாடிக்கு ஏறி, அண்ணாந்து பார்த்து, என்ன மேகம், எவ்வளவு மேகம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடம் அண்ணாந்து பார்த்ததில் மனசில் பாதி மேலேயே தங்கிவிட்டது. இப்போது கண்ணாடிக்குள் திரண்டது அசல் இடிமேகம். அடியில் தட்டை, மேலே குவியல் குவியலாக வெள்ளை. இவ்வளவு பக்கத்தில் அவர் ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் சமையலறைக்குள் சாய்ந்து விழுந்தது. காற்றில் மைதா மிதந்தது. தான் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

"ஏங்க, ஏதோ தீயற வாசனை வருதே," என்று மனைவி உள்ளே வந்தாள். அவள் கதவைத் திறந்த காற்றுக்கே மேகம் பொத்தென்று உட்கார்ந்தது. நடுவில் ஒரு பெரிய குழி.

மணி பதினொன்று. மாலை ஐந்துக்கு அத்தையின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள்.

அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதிலிருந்து அவரை வளர்த்தவள் அவள்தான். கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு வருடம் விடைத்தாள் திருத்தி, ஒரு பிள்ளைக்குக்கூட நூற்றுக்கு நூறு போடாமல் ஓய்வு பெற்றவள். முழு மார்க் வாங்கினால் அப்புறம் எவன் படிப்பான் என்பது அவள் கட்சி. வீட்டிலும் அதே சட்டம்தான். அவர் வகுப்பில் முதலாவதாக வந்தபோது "பரவாயில்லை" என்றாள். வேலை கிடைத்தபோதும் "பரவாயில்லை". கல்யாணப் பெண்ணை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு அதற்கும் அதே "பரவாயில்லை". அந்தப் பெண் இன்று பல் டாக்டர், கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. அந்தச் சொல்லைத் தொட்டால் அவளுக்கு இன்னமும் வலிக்கும்.

போன வருடம் அவர் ஒரு கேக் வாங்கிப்போனார். அத்தை ஒரு துண்டு தின்றுவிட்டு, கடைக்காரன் பண்ணினதற்கு உன் முகத்தில் எதற்கு இவ்வளவு பெருமை என்று கேட்டாள். அடுத்த வருடம் என் கையாலேயே செய்துகொண்டு வருகிறேன் என்று அங்கேயே வாய் விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அத்தை வாயால் ஒரு தடவை "நல்லாருக்கு" என்று கேட்டுவிட வேண்டும். மழை எப்போது வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், இந்த ஒரு சொல்லுக்காக நாற்பது வருடமாக வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.

குழியைப் பார்த்ததும் டாக்டருக்குக் கை துறுதுறுத்தது. இதைவிட மோசமானதை எல்லாம் அடைத்திருக்கிறேன், நகருங்கள் என்றாள். வேகாத மாவைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, கிரீமை அடுக்கடுக்காக வைத்து அழுத்தி, மேலே மழமழவென்று இழைத்துவிட்டாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கேக் சூடாக இருக்கிறது என்பதை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கிரீம் உருகி, தட்டிலிருந்து மேஜைக்கும் மேஜையிலிருந்து அவருடைய செருப்புக்கும் வழிந்தது.

அவசரமாகக் குளிர்பதனப் பெட்டியின் மேல் தட்டில், ஐஸ் உறையும் இடத்தில், கேக்கைத் திணித்தார்கள். பத்து நிமிடத்தில் எடுப்பதாகத்தான் பேச்சு. அதற்குள் மணி பன்னிரண்டு அடித்தது. விடுமுறை நாளானாலும் பன்னிரண்டு மணிக்கு வானத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாடிக்குப் போனார். மேற்கே பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல ஒரு மேகம் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கூடவே அவரும் கொஞ்ச தூரம் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. கேக்கில் கத்தியை வைத்தால் டங்கென்று சத்தம் கேட்டது.

"வெயில்ல வச்சா இளகிடும்," என்றார் அவர்.

"மழை வந்தா?"

"வராது. வானம் தெளிவா இருக்கும்னு நேத்து ரேடியோவுல சொன்னாங்களே, அதை எழுதிக் கொடுத்ததே நான்தான்."

எழுதிக் கொடுத்தவரே சொன்னால் மறுப்பேது. கேக் மாடிக்குப் போனது. அவர் காவலுக்கு உட்கார்ந்தார். இரண்டு மணி சுமாருக்குத் தெற்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரள் ஏறி வந்தது. அதன் அடிவயிறு மெல்லக் கறுப்பதையும் ஓரம் மட்டும் வெள்ளியாக மின்னுவதையும் அவர் மெய்மறந்து பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து, எந்த வகை, எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொண்டார். முதல் துளி நோட்டில் விழுந்தது. மற்றதெல்லாம் கேக்கில் விழுந்தது.

நனைந்த மூட்டையாகத் தட்டில் கிடந்ததிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து டாக்டர் வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் குழாயடிக்கு ஓடி மூன்று தடவை கொப்பளித்தாள்.

"ஏங்க, சோடா மாவு எவ்வளவு போட்டீங்க?"

"நாலு ஸ்பூன். உப்பு ரெண்டு. எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா செய்முறை சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கேனே."

சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவர் கையெழுத்தில்தான் இருந்தது. சோடா 4, உப்பு 2. உடனே டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன் போட்டாள். அரை ஸ்பூன் சோடா, கால் ஸ்பூன் உப்பு என்றுதான் தான் சொன்னதாக அந்த அம்மாள் அடித்துச் சொன்னாள். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. அவருடைய அலுவலகத்தில் முழு வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்துத்தான் எழுதுவார்கள். பாதி வானம் மூடியிருந்தால் 4. கால் வானம் என்றால் 2. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாக அரையை நாலாகவும் காலை ரெண்டாகவும் குறித்துக்கொண்டது. படிக்கும்போதுதான் அது ஸ்பூன் கணக்காகிவிட்டது.

"எட்டுல நாலு பங்கு," என்றார் அவர் மெதுவாக. "நியாயமாப் பாத்தா நான் எழுதினது சரிதான்."

டாக்டர் சிரிக்கக் கூடாது என்று கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வரவுமில்லை. நாற்பது வருடம் காத்திருந்த மனுஷன், கையில் ஈர மூட்டையோடு நின்றார்.

மணி மூன்று. முட்டை தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் குடையோடு அத்தை வீட்டுப் பக்கம் பஸ் ஏறினார்கள். இறங்குகிற இடத்தில் ஒரு பேக்கரி இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததெல்லாம் பளபளவென்று பூப்பூவாக, பார்த்த மாத்திரத்தில் கடைச்சரக்கு என்று தெரிந்தது. ஒரே ஒரு கேக் மட்டும் ஓரமாக, பூ இல்லாமல், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. யாரோ வீட்டில் செய்து அனுப்புவது, வந்தால் நிற்காது என்றார் கடைக்காரர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கேக் உலகத்தில் கிடையாது.

அதை வாங்கிக்கொண்டு பேக்கரிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தன் பங்குக்கு ஏதாவது இருக்கட்டும் என்று, வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்திருந்த மிச்சக் கிரீமால் மேலே ஒரு மேகம் வரைந்தார் அவர். அது கடைவாய்ப் பல் மாதிரி இருக்கிறது என்றாள் டாக்டர். மழை விட்டு, நனைந்த தெரு முழுக்க வானம் கிடந்தது. பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தண்ணீரில் கிடந்த மேகங்களை மிதிக்காமல் அவர் நடந்தார். தெருக்கோடி வருவதற்குள் கேக்கைத் தானே செய்ததாக அவருக்கு முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது.

அத்தை கேக்கை வெகுநேரம் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"நீயாடா பண்ணே?"

"நான்தான் அத்தை."

"எத்தனை முட்டை?"

"ஆறு."

"வெண்ணெயா, எண்ணெயா?"

டாக்டர் இருமினாள். "வெண்ணெய்," என்றார் அவர்.

"சோடா?"

"எட்டுல நாலு ஸ்பூன்."

"அரைன்னு சொல்லேன்," என்றாள் அத்தை. கத்தியை எடுத்து வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியாக மழை கழுவிய மஞ்சள் வெளிச்சம் அவள் நரைமுடியில் விழுந்தது. அவருக்கு மறுபடியும் ஒன்பது வயது ஆகி, கையில் விடைத்தாளோடு நிற்பதுபோல இருந்தது.

"நல்லாருக்கு," என்றாள் அத்தை.

அவருக்குக் காதில் விழுந்தது, நம்பிக்கைதான் வரவில்லை. "என்ன அத்தை சொன்னீங்க?"

"நல்லாருக்குடா. ஒரு குறை சொல்ல முடியல. நூத்துக்கு நூறு." சொல்லிவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

அவர் கண் கலங்கிவிட்டது. டாக்டர் மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மனசில் சந்தோஷம் நிறைந்தபின் மிச்சமிருந்த இடத்தில் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்தது. இத்தனை நல்ல வார்த்தையைப் பொய்யால் வாங்கலாமா? எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார்.

"அத்தை, உண்மையில இந்த கேக்..."

"பேசாம சாப்பிடு," என்றாள் அத்தை, கிரீம் ஒட்டிய விரலைத் துடைத்தபடி. "இந்தக் கைப்பக்குவம் எல்லாருக்கும் வந்துடாது."

அழைப்புமணி அடித்தது. டாக்டர் போய்க் கதவைத் திறந்தாள். தோளில் மைதா மூட்டையோடு பேக்கரியின் வண்டிக்காரர் உள்ளே வந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்:

"ஏன் டீச்சரம்மா, காலையில நீங்க பண்ணி அனுப்பின கேக் வித்துப்போச்சுன்னு முதலாளி சொன்னாரே, அது எப்படி உங்க வீட்டுக்கே திரும்பி வந்துது?"