வளைகாப்பைத் தள்ளிவைக்கக் கோரி

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

மடவார் வளாகம் சம்பந்தி சமுத்திரம் அவர்களுக்கு ஐயாதுரை வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அனைவரும் நலமென்று நம்புகிறேன். இங்கே யாரும் நலமில்லை.

வெள்ளிக்கிழமை என் மகள் பாண்டிசெல்விக்குக் குறித்த வளைகாப்பைப் பத்து நாள் தள்ளிவைக்க வேண்டுகிறேன். சம்பந்தி வீட்டு விசேஷத்தில் நாள் மாற்றுவதைப் போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது என்பதால் கடிதம்.

எனக்கு வந்திருப்பது ஃப்ளூ காய்ச்சல். வருஷா வருஷம் சீசனில் வருவதாம், இருமினாலும் தும்மினாலும் பரவுமாம், என்னை ஒரு வாரத்தில் விட்டுவிடுமாம், மாசமாக இருப்பவர்களைத்தான் ரொம்பப் படுத்துமாம், டாக்டரம்மா சொன்னார். வந்த விதம் என்னவென்றால், பக்கத்து வீட்டுப் பால்சாமி படுத்திருந்தான், பார்க்காமல் இருக்க முடியுமா, ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய் அவன் கட்டிலிலேயே உட்கார்ந்து விசாரித்தேன், மூன்றாம் நாள் நான் படுத்தேன். என்னை விசாரிக்கத் தெருவே வந்தது. சேத்தூரிலிருந்து மச்சினன் விஜயபாண்டி வந்தான். "கிட்ட வராதப்பா, ஒட்டிக்கிரும்" என்றேன். "எனக்கெல்லாம் ஒண்ணும் வராது அத்தான்" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நேற்று அவனை விசாரிக்க இங்கிருந்து ஒரு வேன் போயிருக்கிறது. நான் கீழே போட்டு மூடி ஓரம் உடைந்த அதே ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு வீடு சுற்றி என்னிடமே வந்துவிட்டது. முப்பது வருஷம் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தவன் நான். மூக்கை மூட ஒரு முழம் வீட்டில் இல்லை.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை என்பது தாங்கள் அறியாததல்ல. என் வீட்டு ஆள் யாரையும், என்னையும் சேர்த்து, படியேற விடாதீர்கள்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வைத்தியநாத சுவாமி துணை.

அன்புடன்,
ஐயாதுரை

பி.கு.: தபாலில் போட்டால் வெள்ளிக்குள் வராது. ஆளிடம் கொடுத்தனுப்புவதும் மரியாதை இல்லை. அதனால் வாசலில் போட்டுவிட்டுத் திரும்பலாமென்று நானே பஸ் ஏறி வந்தேன். நீங்களும் சம்பந்தியம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். கதவைத் திறந்தது பாண்டிசெல்வி. "யப்பா, என்ன இம்புட்டு மெலிஞ்சிட்டிய!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், ரசம் ஊற்றிச் சோறு போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். தள்ளிப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில்தான் அம்புட்டும் எழுதியிருக்கிறதே என்று இருந்துவிட்டேன். நாலு தடவை தும்மினேன். இதை உங்கள் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வந்ததும் முதல் வேலையாக அவளை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சம்பந்தி.

வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு ஹார்லிக்ஸ் கொண்டுவந்தேன். மூடி ஓரம் உடைந்திருக்கும். யாரும் தொட வேண்டாம்.